ராத்திரி மூன்று மணிக்கு வரும் ரிசல்ட்

பினாங்கில் ஒரு மருத்துவமனை லேப்பில் வேலை செய்கிறேன் என்று தெரிந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ரத்தம் எடுத்துட்டாங்க, ரிசல்ட் எப்பம்மா வரும்?" சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் என்றால் மதியத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லிவிடலாம். கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை என்றால்தான் சிக்கல். இரண்டு மூன்று நாள் ஆகும் என்றதும் அடுத்த கேள்வி வரும்: "கோவிட்டுக்கு 15 நிமிஷத்துல தெரிஞ்சுதே?"

நியாயமான கேள்வி. அதற்குத் தொலைபேசியில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். மருந்துக்கு அடங்காத கிருமிகளை மணிக்கணக்கில், சில சமயம் நிமிடக்கணக்கில் கண்டுபிடிக்கும் சோதனைகள் வந்துவிட்டன. அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் சோதனையில் மிச்சமாகும் நேரம் முழுக்க நோயாளிக்குப் போய்ச் சேர்வதில்லை. அது எங்கே காணாமல் போகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும்.

முதலில் பழைய முறை. காய்ச்சலும் குளிர் நடுக்கமுமாக ஒருவர் வந்து ரத்த அழுத்தமும் இறங்கினால், ரத்தத்தைக் கல்ச்சர் புட்டிகளில் எடுப்பார்கள். பெரியவர்களுக்குப் புட்டிக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் வேண்டும். புட்டிக்குள் கிருமி வளர்வதற்கான சத்து நீர் இருக்கும். புட்டியை மெஷினுக்குள் வைத்தால் அது உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்கும். கிருமி பெருகும்போது கரியமில வாயு விடும், புட்டியின் அடியில் இருக்கும் உணரி நிறம் மாறும், மெஷின் கத்தும். ரத்தத்தில் உண்மையிலேயே கிருமி இருந்தால் பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் கத்திவிடும். ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு 5 நாள் பார்ப்போம்.

கத்தியதும் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போடுவோம். டென்மார்க்காரர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை, இன்றைக்கும் லேப்பில் முதல் வேலை அதுதான். ஊதாவாகத் தெரிந்தால் ஒரு கூட்டம், இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் இன்னொரு கூட்டம். சில நிமிட வேலை, செலவும் சொற்பம். அந்த நிமிடமே டாக்டருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிப் பாதிதான் நேரம் பிடிக்கும். சத்துக்கூழ் பரப்பிய தட்டில் தேய்த்து ஒரு இரவு வளர்க்க வேண்டும். மறுநாள் முளைத்ததை எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்து ஊறிய சின்னக் காகித வட்டுகளை வைத்து மறுபடி ஒரு இரவு. மருந்து கேட்டால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெறும் இடம் இருக்கும். அதை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டு, கேட்கும், கேட்காது என்று எழுதுவோம். கெர்பியும் பாவரும் 1966இல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த வேலை.

இந்த இரண்டு மூன்று நாளும் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. அனுபவத்தை வைத்து ஒரு ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பிப்பார். செஃப்ட்ரையாக்சோன் கொடுக்கிறார் என்று வையுங்கள். கிருமி ஈஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவாக இருந்தால் அந்த மருந்தை அது துண்டாக்கிவிடும். இரண்டு நாள் ஊசி போட்டும் வீண். அந்தப் பயத்தில் எல்லோருக்கும் முதலிலேயே மெரோபெனெம் என்ற இன்னும் வலுவான ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தால், கொஞ்ச காலத்தில் மெரோபெனெமுக்கும் அடங்காத கிருமி வார்டில் குடியேறிவிடும். அதற்குப் பிறகு கையில் இருப்பது கொலிஸ்டின் போல, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் ஒன்றிரண்டு மருந்துகள். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாகி உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022இல் 'தி லான்செட்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

ஆக, அவசரம் உண்மையானது. சோதனைகளும் அதற்கேற்ப வந்துவிட்டன.

எனக்கு மிகவும் பிடித்தது மால்டி-டாஃப். தட்டில் முளைத்த கிருமியைப் பல்குச்சி முனையில் தொட்டு உலோகத் தகட்டில் தடவி, லேசர் ஒளி பட்டதும் அதன் புரதங்கள் பறக்கும் வேகத்தை அளந்து, இன்ன கிருமி என்று சில நிமிடத்தில் பெயர் சொல்லிவிடும். புரதத்தை உடைக்காமல் லேசரால் பறக்கவிட முடியும் என்று காட்டிய ஜப்பானியர் கொயிச்சி தனக்காவுக்கு 2002இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒரு கம்பெனி இன்ஜினியர் அவர், முனைவர் பட்டம்கூட இல்லாதவர். வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் மால்டி-டாஃப் முக்கியமாகப் பெயரைத்தான் சொல்லும். எந்த மருந்துக்கு அடங்கும் என்பதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

அந்த வழிகளில் ஒன்று கோவிட் கிட் போலவே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் அட்டை. முளைத்த கிருமியைக் கரைசலில் கலக்கி மூன்று சொட்டு விட்டால் 15 நிமிடத்தில் கோடு விழும். மெரோபெனெம் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளில் கேபிசி, ஓஎக்ஸ்ஏ-48, என்டிஎம், விஐஎம், ஐஎம்பி என்ற ஐந்து குடும்பங்களுக்கும் தனித்தனிக் கோடு. எந்தக் கோடு என்பது வெறும் தகவல் இல்லை. செஃப்டாசிடைம்-அவிபாக்டம் என்ற புதிய மருந்து கேபிசிக்கும் ஓஎக்ஸ்ஏ-48க்கும் கேட்கும், என்டிஎம்முக்குத் தனியாகக் கேட்காது, கூடவே அஸ்ட்ரியோனாம் சேர்க்க வேண்டும். விலை உயர்ந்த மருந்து. கோடு எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அட்டை வாங்க வசதி இல்லாத லேப்புக்கும் வழி உண்டு. 2012இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் கொடுத்த கார்பா-என்பி சோதனை அது. சிவப்பு ஃபீனால் சாயத்தில் இமிபெனெம் மருந்தைப் போட்டுக் கிருமியைச் சேர்க்கிறோம். மருந்தை நொதி உடைத்தால் அமிலம் உண்டாகி நீர் மஞ்சளாகும். இரண்டு மணி நேரத்துக்குள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் கிருமியின் மரபணுவைப் பெருக்கித் தேடும் பிசிஆர் பெட்டிகள். மெஷின் கத்திய புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு பையில் விட்டுச் சொருகினால், சுமார் ஒரு மணி நேரத்தில் இருபதுக்கு மேற்பட்ட கிருமிகளையும் சில எதிர்ப்பு மரபணுக்களையும் தேடிப் பட்டியல் கொடுக்கும். சோதனை ஒன்றுக்குச் சில நூறு வெள்ளி (ரிங்கிட்). காசநோய்க்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜீன்எக்ஸ்பெர்ட்டை உலகச் சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. சளியிலிருந்தே, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்பதையும் சேர்த்து, இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். முன்பு இதே பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம். விரைவுச் சோதனை என்று யாராவது பேச்செடுத்தால் நான் முதலில் காட்டும் வெற்றி இதுதான்.

இப்போது அந்த "ஒரு மணி நேரம்" என்ற விளம்பரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அந்தக் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது? புட்டி கத்திய பிறகு. அதற்கு முன் போன பத்து இருபது மணி நேரம் கணக்கில் இல்லை. ரத்தத்திலிருந்து நேரடியாக ஏன் பார்க்கக் கூடாது என்று கேட்பீர்கள். ரத்தத்தில் கிருமி தொற்றி உயிருக்குப் போராடும் ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பல சமயம் ஒரு பாக்டீரியாகூட இருக்காது. அதனால்தான் அத்தனை மில்லிலிட்டர் எடுக்கச் சொல்கிறோம். பெருகவிட்டால்தான் பிடிக்க முடியும். கோவிட் கிட்டோடு ஒப்பிடும் சொந்தக்காரர்களுக்கு இதுதான் என் பதில்: மூக்குக்குள் அந்த வைரஸ் கொட்டிக் கிடந்தது, ரத்தத்தில் இது ஒளிந்து கிடக்கிறது. நேரடியாக ரத்தத்திலேயே தேடும் கருவிகளும் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லா லேப்புக்கும் எட்டுகிற விலையில் அவை இன்னும் வரவில்லை.

சிறுநீர் கதை வேறு. தொற்று இருந்தால் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் பாக்டீரியா சர்வ சாதாரணம். பிரிட்டனில் 2014இல் ஒரு போட்டி அறிவித்தார்கள். ஆன்டிபயாட்டிக் தேவையா, தேவையென்றால் எது என்று நோயாளியின் பக்கத்திலேயே சட்டென்று சொல்லும் சோதனைக்குப் பெரும்பரிசு. கடலில் கப்பல் இருக்கும் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க 1714இல் அங்கே நாடாளுமன்றம் அறிவித்த பரிசின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். பத்து வருஷம் இழுத்தது. கடைசியில் 2024 ஜூனில் 80 லட்சம் பவுண்டைத் தட்டிச் சென்றது சுவீடனின் உப்சாலாவில் பிறந்த ஒரு கருவி. நுண்ணிய வாய்க்கால்களில் பாக்டீரியாக்களைச் சிக்கவைத்து, மருந்து பட்டதும் அவை தொடர்ந்து வளர்கின்றனவா என்று நுண்ணோக்கியால் பார்க்கிறது. தொற்று உண்டா என்று 15 நிமிடத்தில் சொல்லும், எந்த மருந்து கேட்கும் என்று 45 நிமிடத்தில் சொல்லும். ஜெயித்தது சிறுநீர்த் தொற்றுக்கான சோதனை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கிருமி கூட்டமாக இருக்கும் இடத்தில்தான் வேகம் முதலில் கைகூடும்.

அந்தக் கருவியில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அது மரபணுவைத் தேடாமல் கிருமியின் நடத்தையைப் பார்க்கிறது. வீட்டில் பாராங் கத்தி இருக்கிறது என்பதற்கும் அதை எடுத்து ஒருவன் வெட்ட வருகிறான் என்பதற்கும் உள்ள தூரம், மரபணு இருப்பதற்கும் மருந்து கேட்காமல் போவதற்கும் இடையில் உண்டு. மறுபக்கம் இன்னும் மோசம். பிசிஆர் பட்டியலில் "எதிர்ப்பு மரபணு எதுவும் இல்லை" என்று வந்தால், பட்டியலில் உள்ளவை இல்லை என்று மட்டுமே அர்த்தம். சில கிருமிகள் மருந்து நுழையும் வாசலையே அடைத்துவிடும், சில உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடும். அதெல்லாம் பெட்டிக்குத் தெரியாது. இளம் டாக்டர்கள் சிலர் அந்த வரியைப் படித்து நிம்மதியாகிவிடுவார்கள். அப்போது கொஞ்சம் கடுமையாகவே பேசிவிடுவேன். தட்டில் வட்டம் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், தட்டுதான் மேல்கோர்ட்.

கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பெட்டி பதில் சொல்லும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. மெலியோய்டோசிஸ். மழைக்காலத்தில் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் ஒரு பாக்டீரியா கொடுக்கும் நோய். 1911இல் ரங்கூனில் அதை முதலில் கண்டவர்கள் விட்மோர் என்ற வெள்ளைக்காரரும் அவரோடு வேலை செய்த கிருஷ்ணசாமியும். நோய்க்கு அந்தப் பெயரைக் கொடுத்தது கோலாலம்பூரில். 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் தங்கள் ஆய்வு விலங்குகளே இதில் சாவதைப் பார்த்தார்கள். நுரையீரல், கல்லீரல், மூட்டு என்று எங்கே வேண்டுமானாலும் சீழ் வைக்கும். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். தோட்டம், வயல், கட்டுமானம் என்று மண்ணில் இறங்கும் நம் ஆட்களுக்கு இது தூரத்து வியாதி இல்லை.

இந்தக் கிருமிக்குப் பிறவியிலேயே பெனிசிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின், கொலிஸ்டின் எதுவும் கேட்காது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். வெளிநாட்டுக் கருவிகள் சில இதை வேறு கிருமி என்று தப்பாகப் பெயர் சொன்னதுண்டு. ஆனால் மூன்று வட்டு வைத்தாலே சந்தேகம் வந்துவிடும்: ஜென்டாமைசின் கேட்காது, கொலிஸ்டின் கேட்காது, ஆக்மென்டின் கேட்கும். அழகான குறுக்குவழி. ஆனால் அதே விதியோடு போர்னியோ தீவில் இருக்கும் நம் சரவாக் மாநிலத்துக்குப் போனால் தடுக்கி விழுவீர்கள். அங்கே கிடைக்கும் இந்தக் கிருமியில் பெரும்பாலானவைக்கு ஜென்டாமைசின் கேட்கும். தீபகற்பத்தில் செல்லுபடியாகும் விதி கடல் தாண்டியதும் செல்லாமல் போகிறது. ஐரோப்பாவில் எழுதிய பட்டியலை மட்டும் நம்பி மெஷின் வாங்குகிறவர்கள் இதை ஒரு முறையாவது யோசிக்க வேண்டும்.

சரி, நேரம் எங்கே தொலைகிறது என்று சொல்கிறேன் என்றேன். இரண்டு இடத்தில். மெஷினுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

முன்னால் நடப்பது ரொம்பச் சாதாரணம். மெயின்லேண்டில், அதாவது பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், ஒரு சின்ன மருத்துவமனையில் சாயங்காலம் எடுத்த புட்டி, லேப்புக்குப் போகும் வேன் காலையில்தான் என்பதால் ராத்திரி முழுக்க மேசையில் உட்கார்ந்திருக்கும். மெஷினுக்குள் போகாத புட்டி கத்தாது. வேன் கிளம்பினால் பாலத்தில் நெரிசல் வேறு. ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும் பெட்டிக்குப் பணம் ஒதுக்குவார்கள், பன்னிரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஒதுக்க மாட்டார்கள். ரத்தம் எடுக்கும்போது 10 மில்லிலிட்டருக்குப் பதில் 3 மில்லிலிட்டர் விட்டு அனுப்புவதும் இதே ரகம்தான்.

பின்னால் நடப்பதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். ராத்திரி மூன்று மணிக்கு அட்டையில் என்டிஎம் கோடு விழும். வார்டுக்குப் போன் அடிப்பேன். எடுப்பது மிஸ்ஸி (நர்ஸ்), அவர் கையில் இன்னும் பத்துக் கட்டில். எழுதிக்கொள்வார். பயிற்சி டாக்டர் வேறொரு அவசரத்தில் இருப்பார். மருந்தை மாற்றும் அதிகாரம் உள்ள நிபுணரை அந்த நேரத்தில் எழுப்ப யாருக்கும் தைரியம் வராது. காலை ரவுண்டில் எட்டரைக்கு மாறும். 15 நிமிடச் சோதனை, ஐந்தரை மணி நேரக் காத்திருப்பு. யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை, அந்த வேளையில் நானும் மிஸ்ஸியாக இருந்தால் எழுதித்தான் வைப்பேன்.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. 2017இல் ரத்தத் தொற்றுக்கான மரபணு விரைவுச் சோதனைகளைப் பற்றி 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கண்காணித்து உடனே ஆலோசனை சொல்லும் குழு இருந்த மருத்துவமனைகளில் இறப்பு குறைந்தது. குழு இல்லாமல் சோதனையை மட்டும் சேர்த்த இடங்களில் அப்படித் திட்டமாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எங்கள் மேலிடம் புதுப் பெட்டி பற்றிப் பேசும்போதெல்லாம், இரவில் போனை எடுக்க ஒரு மருந்தாளுநர் உண்டா என்று கேட்டு நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு உதாரணம். எந்த மருந்து கேட்கும் என்பதற்கான அளவு அட்டவணைகளை வகுக்கும் ஐரோப்பாவின் யூகாஸ்ட் அமைப்பு, பழைய காகித வட்டு முறையையே வேகமாக்கிக் காட்டியது. கத்திய புட்டியிலிருந்து 125 மைக்ரோலிட்டரை நேராகத் தட்டில் பரப்பி வட்டுகளை வைத்து, 4, 6, 8 மணி நேரத்தில் அளந்து சொல்லிவிடலாம். புது மெஷின் வேண்டாம், அதே தட்டு, அதே வட்டு. மலேசியா போன்ற நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் கட்சி. ஆனால் நள்ளிரவில் வைத்த தட்டை விடியற்காலை ஆறு மணிக்குக் குறித்த நிமிடத்தில் எடுத்து அளக்க ஆள் வேண்டும். அரை மணி தாமதித்தால் அட்டவணை பொருந்தாது. மறுபடியும் ஷிஃப்ட் பிரச்சினையில் வந்து நிற்கிறோம்.

கிளினிக் பக்கம் நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. நாம் ஏற்கெனவே விரைவுச் சோதனைக்குப் பழகிய ஜனங்கள், டெங்கியின் புண்ணியத்தில். மூன்று நாள் காய்ச்சல் என்றால் கிளினிக்கில் விரலைக் குத்தி என்எஸ்1 என்ற டெங்கி வைரஸ் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. அது பாசிட்டிவ் என்றால் வைரஸ், ஆன்டிபயாட்டிக் வேண்டாம். இதே மாதிரி, உடம்பில் தொற்றோ அழற்சியோ வந்தால் ஏறும் சிஆர்பி என்ற புரதத்தை விரல் ரத்தத்தில் சில நிமிடத்தில் அளக்கலாம். ரொம்பக் குறைவாக இருந்தால் பெரிய பாக்டீரியாத் தொற்று இருக்கும் வாய்ப்பு குறைவு. வியட்நாமின் ஹனோய் பகுதியில் சளி, இருமலோடு வந்தவர்களிடம் இதைச் செய்து பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். சோதனை செய்தவர்களில் 64 விழுக்காட்டினரும் செய்யாதவர்களில் 78 விழுக்காட்டினரும் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தார்கள். 64 என்பதே அதிகம்தான். ஆனாலும் ஒரு விரல் குத்தலுக்கு அது மோசமான லாபம் இல்லை.

இங்கே ஆன்டிபயாட்டிக் நச்சுப்பொருள் சட்டத்தில் பி பிரிவு, சீட்டு இல்லாமல் ஃபார்மசியில் தரக் கூடாது. ஆனால் தனியார் கிளினிக்கில் சீட்டு எழுதுவதும் மருந்து கொடுப்பதும் ஒரே கவுண்டர். எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) மாத்திரையும் வாங்காமல் வெளியே வந்தால் கொடுத்த வெள்ளி வீண் என்று நினைக்கும் மாமாக்களை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். ஒரு நம்பரைக் காட்டி "இதைப் பாருங்க அங்கிள், தேவையில்லை" என்று டாக்டர் சொல்ல முடிந்தால் அவருக்கும் வாய்ச்சண்டை மிச்சம்.

கடைசியாக, வார்டில் சேரப் போகிறவர்களுக்கு ஒன்று. கடந்த ஒரு வருஷத்தில் சென்னையிலோ மதுரையிலோ, இங்கேயே வேறு மருத்துவமனையிலோ படுத்திருந்தால் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மெரோபெனெமுக்கு அடங்காத கிருமி உங்கள் குடலில் சும்மா இருக்கிறதா என்று பார்க்க ஒரு பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுப்பார்கள். இருந்தால் தனி அறை, வருகிறவர்களுக்குக் கையுறை, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருந்தில் ஆரம்பிப்பது என்று முதல் மணி நேரத்திலேயே ஒரு துப்பு. குச்சியை எங்கே விடுவார்கள் என்று தெரிந்ததும் "அதெல்லாம் வேண்டாம் மிஸ்ஸி" என்று திரும்பிப் படுத்துக்கொள்ளும் பெரியவர்கள் நிறைய. பத்து வினாடி வேலை, வலிக்காது. மறைப்புத் திரையை இழுத்துவிடச் சொல்லிக் கேட்டால் இழுத்துவிடுவார்கள்.